ஏ.ஜி. ஆபீஸில் ஒரு தியான அறை!

ரங்கூன் நகரம். 1937-ம் வருஷம், ஜனவரி மாதம்.

அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸில் பணிபுரியும் முப்பத்தேழு வயது மனிதர் ஒருவர் திடீரென்று பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறார். வீட்டில் கல்யாணம் கிடையாது. காதுகுத்து கிடையாது. ஊரில் யாருக்கும் 'சீரியஸ்' என்று தந்தி வரவில்லை. பின்னே?

மூச்சைக் கவனிக்கக் கற்றுக்கொள்ளப் போகிறார்!

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால், நிஜம். அவர் பெயர் ஊ பா கின். அந்த ஜனவரி முதல் தேதி அவரைப் பார்க்க வந்த ஒருவர் பேச்சுவாக்கில் ஒரு பயிற்சியைச் சொன்னார். மூச்சை இழுக்கவும் வேண்டாம், அடக்கவும் வேண்டாம். அதுபாட்டுக்கு வந்து போவதை மூக்கு நுனியில் கவனித்துக்கொண்டிருந்தால் போதும். அவ்வளவுதான். மனிதர் உட்கார்ந்து பார்த்தார். மனசு சொன்னபடி கேட்டது. இதை முழுசாகக் கற்றுக்கொள்ளாமல் விடுவதில்லை என்று தீர்மானித்து, ஒரே வாரத்தில் மூட்டை கட்டிவிட்டார்.

குரு இருந்த கிராமம் ரங்கூன் ஆற்றுக்கு அக்கரையில், எட்டே மைல். அந்த எட்டு மைலும் வயல். ஆற்றில் தண்ணீர் வற்றியிருந்த நேரம். படகு பாதி வழியோடு நின்றுவிட்டது. கரை ஏறினால் முழங்கால் வரை சேறு. அப்படியே வயல்களைக் கடந்து, காலெல்லாம் சேறு அப்பிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். குருவாவது காவி கட்டிய சந்நியாசியா என்றால் அதுவும் இல்லை. ஸயா தெட்ஜி என்ற விவசாயி! நெல் விதைக்கிறவர்!

பத்து நாள் முடிந்து ஆபீஸுக்குத் திரும்பினால், மேஜை மேல் ஒரு கவர். 'போச்சு, சீட்டைக் கிழித்துவிட்டார்கள்' என்று பயந்துகொண்டே பிரித்தாராம். உள்ளே பிரமோஷன் ஆர்டர்! அந்த வருஷம் ஏப்ரல் மாதம் பர்மா, இந்தியாவிலிருந்து தனி நிர்வாகமாகப் பிரிந்தது. அதற்கான ஏ.ஜி. ஆபீஸில் இவரை ஸ்பெஷல் ஆபீஸ் சூப்பிரண்டாகப் போட்டிருந்தார்கள்.

(இதைப் படித்துவிட்டு நாளைக்கே சொல்லாமல் கொள்ளாமல் பத்து நாள் மட்டம் போட்டுவிடாதீர்கள். திரும்பி வரும்போது உங்கள் மேஜையில் என்ன கவர் இருக்கும் என்பதற்கு நான் ஜவாப்தாரி இல்லை!)

சாமியார்களைப் பற்றி எவ்வளவோ படித்தாயிற்று. தியானம் என்றதும் நம் கண் முன்னால் வருவது இமயமலை, புலித்தோல், தாடி. அல்லது ரிடையர் ஆனபின் கிராஜுவிட்டி பணத்தோடு போய் உட்காரும் ஆசிரமம். நான் இந்த மனிதரைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணமே, அவர் நம்ம ஜாதி. ஆபீஸ் ஜாதி! 1917-ல் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். குடும்பக் கஷ்டத்தால் படிப்பைப் பாதியில் நிறுத்தியவர். டிபார்ட்மென்ட் பரீட்சை எழுதி, படிப்படியாக மேலே வந்தவர். அந்தக் காலத்து ரங்கூனில் சர்க்கார் ஆபீஸ் என்றால் வெள்ளைக்காரர்களும் இந்தியர்களும்தான். பர்மாக்காரர் அபூர்வம். ஊரின் ஜனத்தொகையிலேயே 1931-ல் பாதிக்கு மேல் நம்மவர்கள். செட்டிநாட்டு நகரத்தார் அங்கே நடத்திய கொடுக்கல் வாங்கல் பற்றிச் சொல்லவே வேண்டாம். அப்படிப்பட்ட ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர்களோடு மல்லுக்கட்டி மேலே வந்த ஒருவருக்கு, நம்முடைய தலைவலி என்னவென்று தெரியாமலா இருந்திருக்கும்?

1941-ல் அவருக்கு ரயில்வே கணக்குகளைத் தணிக்கை செய்யும் வேலை. தனிப் பெட்டியிலேயே ஆபீஸ், படுக்கை எல்லாம். மாண்டலேவுக்குக் கிட்டே சௌஸே என்கிற ஸ்டேஷனில் வண்டி நின்றபோது, தூரத்துக் குன்று ஒன்றைப் பார்த்தார். விசாரித்தால், அங்கே வேபு ஸயாதா என்ற துறவி இருப்பதாகச் சொன்னார்கள். போனார். இவருடைய பயிற்சியைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்ட துறவி, நீ மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். உடனே ஆசிரமம் கட்டினாரா? நோட்டீஸ் அடித்தாரா? அந்த ஸ்டேஷனிலேயே, அந்த ரயில் பெட்டியிலேயே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்!

1948-ல் பர்மாவுக்குச் சுதந்திரம். சுதந்திர நாட்டின் முதல் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஊ பா கின். 1950-ல் அந்த ஆபீஸ் ஊழியர்களுக்காகவே ஒரு விபஸ்ஸனா சங்கம் ஆரம்பித்தார். கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள்... நம்ம தேனாம்பேட்டை ஏ.ஜி. ஆபீஸில் ஏ.ஜி.யே வந்து, வாங்க, பைல் பார்க்கிறதுக்கு முன்னால் கொஞ்ச நேரம் மூச்சைப் பார்க்கலாம் என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்? பாதிப்பேர் யூனியனிடம் போவார்கள். மீதிப்பேர் இதற்கு ஓவர்டைம் உண்டா என்று கேட்பார்கள்.

அங்கே உட்கார்ந்தார்கள். 1952-ல் ஷ்வேதகோன் பகோடாவுக்கு வடக்கே இரண்டு மைல் தூரத்தில் தனியாக ஒரு தியான மையமே வந்துவிட்டது. அதற்காக அவர் வேலையை விடவில்லை. அதுதான் விசேஷம். 1953-ல் ரிடையர் ஆகவேண்டியவரை அரசாங்கம் விடவில்லை. 1967 வரை ஏதாவதொரு பதவி. ஒரு கட்டத்தில் மூன்று இலாகாக்களுக்குத் தலைமைப் பதவி, மூன்று வருஷத்துக்கு. இன்னொரு சமயம் ஒரே நேரத்தில் நான்கு, ஏறக்குறைய ஒரு வருஷம்! நமக்கு ஒரு சீட்டைச் சமாளிக்கவே மூக்கால் அழுகை வருகிறது.

வேலையைச் சுறுசுறுப்பாகப் பார்த்தார் என்பதோடு விஷயம் முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையையே எழுதியிருக்க மாட்டேன்.

பர்மாவில் அப்போது அரிசி ஏற்றுமதி அரசாங்கத்தின் விவசாய விற்பனை வாரியத்தின் கையில். நாட்டுக்கே படி அளந்தது அந்த அரிசிதான். எங்கே பணம் புரளுமோ அங்கே கையும் நீளும். வாரியத்தில் லஞ்சம் தலைவிரித்து ஆடியது. பிரதமர் ஊ நூ அதைச் சுத்தம் செய்ய ஊ பா கின்னைத் தலைவராகப் போட்டார். உத்தரவு வந்ததுமே பெரிய அதிகாரிகள் ஸ்டிரைக்! இவர் வந்தால் நாங்கள் வேலை பார்க்க முடியாது என்று வெளியே போய்விட்டார்கள். இவர் கெஞ்சவும் இல்லை, கத்தவும் இல்லை. மிச்சமிருந்த சின்னச் சிப்பந்திகளை வைத்துக்கொண்டு ஆபீஸை ஓட்டினார். நாள்கள் போயின. கடைசியில் அதிகாரிகள் ஒரு நிபந்தனையும் இல்லாமல் திரும்பி வந்தார்கள். வந்தவர்களை அவர் பழிவாங்கவும் இல்லை.

எனக்கு இந்த இடம்தான் முக்கியம். காலையில் கண்ணை மூடி உட்கார்ந்த மனுஷன், கண்ணைத் திறந்தபின் என்ன செய்தார் என்பது.

நம்ம ஊர்க் கதைகளில் ஞானம் வந்ததும் பலர் செய்கிற முதல் காரியம், வேலையை விடுவது! பட்டினத்தார் கப்பல் வியாபாரத்தை விட்டுவிட்டுக் கோவணத்தோடு கிளம்பினார். மாணிக்கவாசகர் பாண்டிய மன்னனின் மந்திரி. குதிரை வாங்கக் கொண்டுபோன கஜானாப் பணத்தைத் திருப்பெருந்துறையில் கோயில் திருப்பணிக்குச் செலவழித்துவிட்டார் என்று புராணம். பக்தி சரி. ஆனால், ஒதுக்கிய நிதி ஒன்று, செலவழித்த இனம் வேறு! ஊ பா கின் தணிக்கை செய்திருந்தால் அங்கேயே ஒரு 'ஆடிட் அப்ஜெக்ஷன்' எழுதி வைத்திருப்பார். (சிவபெருமானே நரியைப் பரியாக்கிக் கணக்கை நேர் செய்ததாகக் கதை. எல்லா ஆபீஸரும் அந்த உதவியை எதிர்பார்க்க முடியாது.)

இன்னொரு வகைப் பெரியவர்களும் நம்மிடம் உண்டு. அறுபத்து மூவரில் திருநீலகண்டர் மண்பாண்டம் செய்தபடியே இருந்தார். திருக்குறிப்புத் தொண்டர் துணி வெளுத்தபடியே இருந்தார். இவர்களைக் கோயில் பிராகாரத்தில் வரிசையாக நிறுத்தி வைத்துவிட்டு, சுற்றி வந்து கும்பிட்டு, திங்கட்கிழமை காலையில் நாம் பழைய குருடிக்குத் திரும்பிவிடுகிறோம்.

ஊ பா கின்னின் பயிற்சி நம் ஊருக்கு வந்தது தனிக் கதை. மாண்டலேயில் 1924-ல் பிறந்த எஸ்.என். கோயங்கா பர்மாவில் பெரிய மார்வாடித் தொழிலதிபர். பணம் கொட்டியது, கூடவே ஒற்றைத் தலைவலியும். மார்பியா ஊசி போட்டுத்தான் அடக்கவேண்டிய அளவுக்கு. வெளிநாட்டு டாக்டர்கள் எல்லாம் பார்த்தாயிற்று. யாரோ சொல்லி 1955-ல் ஊ பா கின்னிடம் வந்தார். தலைவலி தீரவேண்டும் என்று கேட்டார். அதற்கானால் வராதீர்கள் என்று சொல்லிவிட்டார் ஆசிரியர்! இது ஆஸ்பத்திரி இல்லை, மனசைச் சுத்தம் செய்கிற இடம். அதற்கு வந்தால் தலைவலி போவது தானாக நடக்கலாம் என்று விளக்கம். யோசித்து, தயங்கி, கடைசியில் பத்து நாள் உட்கார்ந்தார் கோயங்கா. பதினான்கு வருஷம் குருவிடம் பயின்றார். நடுவில் ராணுவ அரசு தொழில்களையெல்லாம் தேசியமயமாக்கிவிட்டது. 1969-ல் இந்தியா வந்து பம்பாயில் முதல் முகாம் நடத்தினார். 1976-லிருந்து இகத்புரியில் பெரிய மையம். 2013-ல் காலமாகும்போது உலகம் பூராவும் மையங்கள். சென்னைக்கு வெளியே திருமுடிவாக்கத்தில் 'தம்ம சேது' இருக்கிறது. மகாராஷ்டிரா அரசாங்கம் தன் ஊழியர்கள் இந்தப் பத்து நாள் முகாமுக்குப் போக லீவு தரலாம் என்று உத்தரவே போட்டது.

திருமுடிவாக்கத்துக்கு நானும் போனேன். கட்டணம் கிடையாது. சாப்பாடு, தங்கல் எல்லாம் இலவசம். முன்னால் படித்தவர்கள் கொடுக்கும் நன்கொடையில் நடக்கிறது. 'ஓசியா? பலே!' என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். நான்கரைக்குத் தியானக் கூடம். மத்தியானச் சாப்பாடு பதினோரு மணிக்கே. அதற்கப்புறம் சாயங்காலம் ஐந்து மணிக்குப் புதியவர்களுக்குக் கொஞ்சம் பழமும் டீயும். ராத்திரிச் சாப்பாடு நாஸ்தி! செல்போனை முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பேச்சு கிடையாது. சைகை கிடையாது. படிப்பு, எழுத்து எதுவும் கிடையாது.

முதல் மூன்று நாள் மூச்சு மட்டும்தான். சும்மா சொல்லக்கூடாது, மூன்றே மூச்சில் என் மனசு பஸ் ஏறி ஆபீஸுக்குப் போய்விட்டது. பிடித்து இழுத்து வந்தால், 'நிர்மா' விளம்பரப் பாட்டுக்குப் போய்விட்டது. எத்தனை வருஷத்துக்கு முன்னால் கேட்ட பாட்டு! எங்கே ஒளிந்துகொண்டிருந்தது என்றே தெரியவில்லை. நாலாம் நாள் உடம்பு பூராவும் கவனத்தைக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். எங்கே அரிப்பு, எங்கே சூடு, எங்கே வலி... எதையும் விரட்டாமல், எதையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளாமல் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் காலை மாற்றாமல் உட்காரச் சொல்கிறார்கள். நாற்பதாவது நிமிஷம் என் இடது முழங்கால் தனி மாநிலம் கேட்டது.

அந்த வலியில்தான் சூட்சுமம் இருக்கிறது. கோபம் என்பது முதலில் மனசில் வருவதாக நாம் நினைக்கிறோம். கவனித்துப் பார்த்தால் உடம்பில்தான் முதலில் தெரிகிறது. காது சுடுகிறது. மூச்சு குட்டையாகிறது. தாடை இறுகுகிறது. அதற்கப்புறம்தான் வாயிலிருந்து அந்த வார்த்தை வருகிறது. காது சுடுவதற்கும் வார்த்தை வருவதற்கும் நடுவில் ஒரு சின்ன சந்து இருக்கிறது. நாள் முழுக்க முழங்கால் வலியைப் பார்த்துப் பழகினவனுக்கு அந்தச் சந்து கண்ணில் படும். இவ்வளவுதான் விஷயம். சித்து வேலை ஒன்றும் கிடையாது.

எங்கள் ஆபீஸில் சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு 'வெரி அர்ஜென்ட்' என்று ஒரு மெயில் வரும். தினமும் வரும். அதைப் படித்ததும் பதில் தட்டாமல், பத்து மூச்சு மட்டும் பார்க்கிறேன். கண்ணைக்கூட மூடுவதில்லை. மூடினால், தூங்குகிறான் என்று பக்கத்து சீட் நண்பர் தோளைத் தட்டுவார். பத்து மூச்சு என்பது முக்கால் நிமிஷம். அதற்குள் முதலில் எழுத நினைத்த பதில் தானாகவே கெட்டுப்போய்விடும். தாம்பரம் - பீச் மின்சார ரயிலில் இடம் கிடைத்தால் அங்கேயும் உட்கார்ந்து பார்ப்பதுண்டு. சுண்டல், சமோசா, கைபேசி ஸ்பீக்கரில் சீரியல்... எல்லாம் இருக்கும். மூச்சும் இருக்கும்.

முகாமில் சொல்லி அனுப்புவது காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி. கைக்குழந்தை, காஸ் புக்கிங், வண்டி சர்வீஸ் என்று அல்லாடுகிற குடும்பஸ்தனுக்கு இரண்டு மணி நேரம் என்பது நடக்கிற காரியமாக எனக்குப் படவில்லை. காலையில் அரை மணி கிடைத்தாலே பெரிசு. அதையும் வீட்டில் குக்கர் வைத்துவிட்டு, 'மூணு விசில் வந்ததும் அணைச்சுடுங்க' என்று சொல்லிப் போய்விடுவார்கள். மூச்சைப் பார்ப்பதா, விசிலை எண்ணுவதா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மனநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் பத்து நாள் முகாமுக்குத் துள்ளிக் குதித்துப் போகக்கூடாது. டாக்டரைக் கேட்க வேண்டும். விண்ணப்பத்திலேயே இதைக் கேட்கிறார்கள். மறைக்காமல் எழுதுங்கள்.

இப்போது கம்பெனிகளே தியானத்தைக் கையில் எடுத்துக்கொண்டிருக்கின்றன. அமெரிக்காவில் 1979-ல் ஜான் கபாட்-ஜின் என்பவர் நோயாளிகளின் வலிக்காக ஒரு மருத்துவக் கல்லூரியில் ஆரம்பித்தது, 2007-ல் கூகுள் கம்பெனிக்குள் எஞ்சினீயர்களுக்கான வகுப்பாக நுழைந்தது. நம்ம ஊர் ஐ.டி. கம்பெனிகளிலும் வெள்ளிக்கிழமை மத்தியானம் பாய் விரித்துக் கண்ணை மூடச் சொல்கிறார்கள். நல்லதுதான். ஆனால், பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கிவிட்டு, பத்து நிமிஷம் மூச்சு விடச் சொல்வது எந்த ஊர் நியாயம்? எனக்கென்னவோ அது, அளவுக்கு மேல் மூட்டை ஏற்றிவிட்டு மாட்டைத் தடவிக்கொடுப்பது மாதிரி இருக்கிறது. அந்த வகுப்புகளில் ஒரு விஷயத்தைச் சௌகரியமாக விட்டுவிடுகிறார்கள். ஊ பா கின் வழியில் மூச்சுக்கு முன்னால் ஐந்து உறுதிமொழிகள் உண்டு. கொல்லாமை, திருடாமை, தவறான உறவு கூடாது, பொய் கூடாது, போதை கூடாது. முதல் நாள் ராத்திரியே வாய்விட்டுச் சொல்லவேண்டும். அப்புறம்தான் மூச்சு.

இந்த உறுதிமொழியில் மாட்டிக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். முகாமில் என் பக்கத்து அறைக்காரர். ஏதோ ஒரு ஆபீஸில் சீனியர் அசிஸ்டென்ட். பத்தாம் நாள் காலையில் மௌனம் முடிந்து, எல்லோரும் ஸ்கூல் விட்ட பிள்ளைகள் மாதிரிப் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் மரத்தடியில் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

"உடம்பு சரியில்லையா ஸார்?" என்றேன்.

"ஆமா ஸார். மஞ்சள் காமாலை" என்றார்.

பதறிப்போய்விட்டேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: "ஆபீஸ்ல அப்படித்தான் மெடிக்கல் சர்டிபிகேட் குடுத்துட்டு வந்திருக்கேன். நூறு ரூபா குடுத்தா எங்க ஏரியால எந்த வியாதி வேணும்னாலும் எழுதித் தருவாங்க. வந்த அன்னிக்கு ராத்திரி, பொய் சொல்ல மாட்டேன்னு நானும் எல்லாரோடயும் சேந்து சொன்னேன். அதோட சரி. பத்து நாளா நான் மூச்சை எங்க பாத்தேன்? அந்த சர்டிபிகேட்டைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

"இதுக்குப் போயி..." என்று ஆரம்பித்தேன்.

"அதான் ஸார் நானும் எனக்கே சொல்லிப் பாத்தேன். ஊர் உலகத்துல யாரு பண்ணலைன்னு. கேக்க மாட்டேங்குது."

போன் நம்பர் வாங்கிக்கொண்டேன். ஒரு மாசம் கழித்துக் கூப்பிட்டபோது நடந்ததைச் சொன்னார். திரும்பிப்போன அன்றைக்கே மேனேஜரிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். மேனேஜர் ஆடிப்போய்விட்டாராம். "யோவ், நான் பார்வர்ட் பண்ணியாச்சுய்யா! பேசாம காமாலையாவே இருந்துடேன்!" என்று கெஞ்சினாராம். இவர் கேட்கவில்லை. எழுதிக் கொடுத்தார். பத்து நாள் சம்பளம் கட். கூடவே ஒரு மெமோ. அந்த மாசம் பிள்ளைக்கு டியூஷன் பீஸ் கட்ட மைத்துனரிடம் கைமாற்று. வீட்டில் அம்மணி, "மூச்சு விடறதுக்கெல்லாம் சம்பளத்தைக் குடுத்துட்டு வந்த ஒரே ஆம்பளை நீங்கதான்" என்று இரண்டு நாள் பேசவில்லையாம்.

"வருத்தமா இருக்கா ஸார்?" என்று கேட்டேன்.

"பணத்துக்கு இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "காலைல உக்கார்றேன் ஸார். இருபது நிமிஷம். இப்ப வேற என்னென்னவோ வருது. ஆனா, சர்டிபிகேட் வர்றதில்லை."

போன வாரம் அவரே போன் செய்தார். மறுபடி பத்து நாள் போக ஈ.எல். எழுதிக் கொடுத்திருக்கிறாராம். காரணம் என்ற இடத்தில் 'தியானப் பயிற்சி' என்றே எழுதியிருக்கிறார். மேனேஜர் அந்தப் பேப்பரை இரண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நிஜமாவா?" என்று கேட்டாராம். இன்னும் சாங்ஷன் ஆகவில்லை.